கண்ணீரின் கணக்கு: இடைக்காலக் கவிதையில் கிறிஸ்தவ மறுமை

1289 ஜூன் 11 அன்று, இத்தாலியில் ஆர்னோ ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் கம்பல்தினோ சமவெளியில் பிளாரன்ஸ் படையும் அரெட்சோ படையும் மோதின. பிளாரன்ஸின் குதிரைப்படையில் 24 வயதை ஒட்டிய தாந்தே அலிகியேரியும் இருந்தார். எதிரணியை நடத்தியவர்களில் ஒருவர் புவொன்கொந்தே தா மொந்தெஃபெல்த்ரோ. அரெட்சோ தோற்றது; புவொன்கொந்தே மடிந்தார். சடலம் மட்டும் கிடைக்கவே இல்லை.

பின்னாளில், சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டு அலைந்துகொண்டிருந்தபோது, அந்தக் காணாமல்போன உடலின் கதையைத் தாந்தே எழுதி முடித்தார். உலகம் ‘டிவைன் காமெடி’ என்று அறிந்த ‘கொம்மேதியா’வின் இரண்டாம் பாகத்தில் புவொன்கொந்தே வந்து தன் வாயாலேயே அதைச் சொல்கிறார். கழுத்தில் வெட்டுப்பட்டுக் கால்நடையாகவே தப்பி ஓடியவர், வழியெல்லாம் ரத்தம் சிந்தி, அர்க்கியானோ ஓடை ஆர்னோவில் கலக்கும் இடத்தில் விழுந்தார். கண் இருண்டபோது வாயில் மரியாளின் பெயர் இருந்தது. தேவதூதன் ஆத்துமாவை எடுத்துக்கொண்டான். உரிமை கொண்டாட வந்த பிசாசுக்கு ஆத்திரம் பொங்கியது: ஒரு சின்னக் கண்ணீர்த் துளிக்காகவா இவனை என்னிடமிருந்து பறிக்கிறாய் என்று கத்தியது. ஆத்துமா போனாலும் உடல் கிடைத்ததே என்று அதன்மேல் வஞ்சம் தீர்த்துக்கொண்டது. மழையைக் கொட்டவைத்தது. சாகும்போது சிலுவையாகக் கட்டியிருந்த கைகளை வெள்ளம் பிரித்தெறிந்து, உடலை ஆற்றின் அடியில் வண்டலால் மூடியது.

இந்தப் புவொன்கொந்தேயின் தந்தை குய்தோவும் அதே நூலில் இருக்கிறார், ஆனால் நரகத்தில். பெயர்பெற்ற போர்த்தந்திரி, வயதான காலத்தில் துறவியாகிப் பிரான்சிஸ்கன் அங்கி அணிந்தவர். எதிரிகளின் பாலஸ்த்ரீனா கோட்டையை எப்படிப் பிடிப்பது என்று போப் எட்டாம் போனிஃபாஸ் அவரிடம் யோசனை கேட்டதாகவும், சொல்லப்போகும் பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு வழங்கியதாகவும் தாந்தே எழுதுகிறார். நிறைய வாக்குக் கொடு, கொஞ்சமாக நிறைவேற்று என்பதே அவர் சொன்ன யோசனை. அவர் இறந்ததும் புனித பிரான்சிஸே அழைத்துப்போக வந்தார். குறுக்கே வந்த பிசாசு தர்க்கம் பேசியது: மனம் வருந்தாதவனுக்கு மன்னிப்பு இல்லை, ஒரு பாவத்தைச் செய்ய விரும்புகிறவன் அதே நொடியில் அதற்காக வருந்தவும் முடியாது. பிரான்சிஸ் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று.

போப் கொடுத்த பாவமன்னிப்பு தந்தையைக் காப்பாற்றவில்லை. குருவும் இல்லாமல் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல் ஆற்றங்கரையில் செத்த மகனை ஒரு துளிக் கண்ணீர் காப்பாற்றியது. இடைக்காலக் கவிஞர்கள் மறுமையை எதற்காகக் கற்பனை செய்தார்கள் என்பதற்கு இந்தத் தந்தை-மகன் கதையே சரியான நுழைவாயில். பொதுவாக நாம் அந்த வாயிலால் நுழைவதில்லை. நரகத்தின் வழியாகத்தான் போகிறோம். தீக்குழிகள், கொதிக்கும் தார், பனியில் உறைந்த துரோகிகள் ஆகியவையே ஓவியத்திலும் சினிமாவிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. இதற்குத் தொடக்கத்திலேயே ஒரு முன்மாதிரியும் அமைந்துவிட்டது. 1373இல் தாந்தேயைப் பற்றிப் பொதுமக்களுக்கு விரிவுரை ஆற்றும்படி பிளாரன்ஸ் நகரம் பொக்காச்சியோவை அமர்த்தியது. அவர் உடல்நலம் குன்றி, நரகத்தின் 17ஆம் காண்டத்தோடு நிறுத்திக்கொண்டார். முதல் விரிவுரையாளரே நரகத்தைத் தாண்டவில்லை.

என் கருத்தில், இடைக்கால மறுமைக் கவிதையின் உயிர் நரகத்தில் இல்லை. அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மோட்சத்திலும் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே, காலம் இன்னும் ஓடுகிற, உயிரோடு இருப்பவர்கள் இன்னும் ஏதாவது செய்ய முடிகிற நிலம் ஒன்று இருந்தது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதை உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்கள். செத்தவர்களுக்கு நம்மால் என்ன செய்ய முடியும், யாருக்கு எதுவுமே செய்ய முடியாது என்ற கேள்வியைக் கவிஞர்கள் அங்கேதான் இழுத்துப் பார்த்தார்கள்.

அந்த நிலம் ஒரே நாளில் உருவாகவில்லை. 731இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி எழுதி முடித்த திருச்சபை வரலாற்றில் டிரித்தெல்ம் என்பவரின் கதை வருகிறது. செத்து மறுநாள் பிழைத்தெழுந்த நார்தம்பிரியக் குடும்பத்தலைவர் அவர். ஒருபுறம் நெருப்பும் மறுபுறம் ஆலங்கட்டியும் பனியும் நிறைந்த பள்ளத்தாக்கில் ஆத்துமாக்கள் இங்கும் அங்கும் துள்ளித் தவிப்பதைப் பார்த்தார். சாகும் தறுவாயில் மனம் திரும்பியவர்கள் அவர்கள். உயிரோடு இருப்பவர்களின் ஜெபமும் தர்மமும் உபவாசமும் பூசையும் அவர்களில் பலரைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே விடுவிக்கும் என்று வழிகாட்டி சொன்னார். பிறகு துறவியான டிரித்தெல்ம், பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் நின்று ஜெபிப்பாராம். இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டால், இதைவிடக் கடுமையான குளிரைக் கண்டிருக்கிறேன் என்பாராம்.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப், 1981இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், இந்த நடுநிலம் ஒரு தனி இடமாகப் பெயர்பெற்றது 12ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில்தான் என்று வாதிட்டார். டிரித்தெல்மைக் காட்டி, நம்பிக்கை அதற்கு வெகுமுன்பே இருந்தது என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்வது ஒன்று: 1200ஐ ஒட்டி அந்த இடத்துக்கு முகவரி கிடைத்துவிட்டது. அயர்லாந்தின் டெர்க் ஏரித் தீவில் புனித பாட்ரிக்கின் குகை இருந்தது. அதில் ஒரு பகலும் ஓர் இரவும் அடைபட்டுக் கிடந்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தை உடலோடு பார்த்துத் திரும்பலாம் என்ற நம்பிக்கை பரவியது. ஓவைன் என்ற படைவீரன் அப்படிப் போய்வந்த கதையை ஒரு துறவி லத்தீனில் எழுத, மாரி த பிரான்ஸ் என்ற பெண் கவிஞர் 1190 வாக்கில் அதைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கினார். லத்தீன் தெரியாத எளியவர்களுக்காகவே அதைச் செய்ததாக அவரே சொல்கிறார். குகையை 1497இல் போப்பின் ஆணைப்படி மூடினார்கள். யாத்திரை நிற்கவில்லை, இன்றும் செருப்பில்லாமல் உபவாசத்தோடு மூன்று நாள் அந்தத் தீவில் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

திருச்சபை இதைச் சட்டமாக எழுதியபோது மிகவும் சிக்கனமாக எழுதியது. 1274இல் லியோனில் கூடிய பொதுச்சங்கம், மனம் வருந்தியும் பரிகாரம் முடிக்காமல் இறந்தவர்கள் சாவுக்குப் பின் தூய்மை பெறுகிறார்கள், பூசையும் ஜெபமும் தர்மமும் அவர்களுக்கு உதவும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. எங்கே, எவ்வளவு காலம், எந்த வடிவில் என்பது பற்றிப் பேச்சில்லை. தூய ஆத்துமா இறந்த உடனே கடவுளைக் காணுமா, கடைசித் தீர்ப்பு நாள்வரை காத்திருக்குமா என்பதுகூட, தாந்தே இறந்து 15 ஆண்டுகள் கழித்து 1336இல்தான் அதிகாரபூர்வமாக முடிவாயிற்று. சட்டம் விட்டுவைத்த இந்த வெற்றிடத்தில்தான் கவிஞர்கள் வீடுகட்டினார்கள்.

அவர்களுக்கு முன்பிருந்தே கவிதைக்குள் ஒரு மனப்பாங்கு இருந்தது: தண்டனைக்கு நடுவே ஒரு விடுமுறையாவது கிடைக்காதா என்பது. 348இல் பிறந்த புருதென்சியுஸ் தன் லத்தீன் பாடல் ஒன்றில், கிறிஸ்து உயிர்த்த இரவில் நரகத்தில் இருப்பவர்களுக்கும் ஓய்வு உண்டு என்று பாடினார். அவருடைய சமகாலத்தவரான புனித அகுஸ்தீன், அப்படி நினைப்பதில் ஆறுதல் கிடைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்ற அளவுக்கு இடம் கொடுத்தார். தண்டனை நித்தியமானது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. புனித பிரெண்டனின் கடற்பயணக் கதையில் இந்த விடுமுறை யூதாஸுக்கே கிடைக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனெதெயித் என்ற கவிஞர் அந்தக் கதையை ஆங்கிலோ-நார்மன் செய்யுளில் எழுதினார். நடுக்கடலில் ஒரு பாறையில் யூதாஸ் உட்கார்ந்திருக்கிறான். அலை மேலே வந்து மோதுகிறது. அதுதான் அவனுக்கு ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை. அவன் முன்னால் ஒரு துணி தொங்கி முகத்தில் அடிக்கிறது. முன்பு ஏழை ஒருவனுக்கு அவன் கொடுத்த துணிதான் அது, ஆனால் அவனுடைய சொந்தப் பணத்தில் வாங்கியது இல்லை. லத்தீன் மூலத்தில் அந்தப் பாறையும் அவன் செய்த ஒரு நல்ல காரியம்: மக்கள் நடக்கும் வழியிலிருந்த பள்ளத்தில் அவன் போட்ட கல். உலகமே சபித்த ஒருவனின் கணக்கில்கூட யாரோ உட்கார்ந்து தேடி, ஒரு துணியையும் ஒரு கல்லையும் வரவில் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மாலை பிசாசுகள் அவனை அழைத்துப்போக வரும்போது, பிரெண்டன் குறுக்கிட்டு இன்னும் ஓர் இரவு வாங்கிக் கொடுக்கிறார்.

தாந்தே இந்த இரக்கத்தை நரகத்துக்குள் விடவில்லை. அவருடைய நரகத்தில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அங்கே கெஞ்சுகிறவர்கள் பூமியில் தங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்று கேட்பார்கள். எனக்காக ஜெபிக்கச் சொல் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், கேட்டுப் பயன் இல்லை. அவர் உத்தரிக்கிற ஸ்தலமாகக் காட்டும் மலையின் அடிவாரத்துக்கு வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், ஊருக்குப் போனால் என் வீட்டில் சொல், எனக்காக ஜெபிக்கச் சொல் என்கிறார்கள்.

மலை என்பதே தாந்தேயின் துணிச்சல். அறிஞர்களும் பிரசங்கிகளும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பெரும்பாலும் பாதாளத்தில், நரகத்தை ஒட்டிய அறையாகவே வைத்திருந்தார்கள். அவர் அதைப் பூமிக்கு மேலே எடுத்து, ஜெருசலேமுக்கு நேர் எதிர்ப்புறத்தில், தெற்குக் கடல் நடுவே திறந்த வானத்தின்கீழ் நிறுத்தினார். அங்கே சூரியன் உதிக்கிறது, மறைகிறது. இரவில் ஓரடியும் ஏற முடியாது. மூன்று உலகங்களில் இது ஒன்றில்தான் விடியல் உண்டு. ஏழு தளங்களில் ஏழு பாவங்கள் கழிகின்றன: அகந்தை கொண்டவர்கள் பாறை சுமந்து குனிந்து நடக்கிறார்கள்; பொறாமைக்காரர்களின் இமைகள் இரும்புக் கம்பியால் தைக்கப்பட்டிருக்கின்றன. வேதனை நரகத்துக்குக் குறைந்ததில்லை. ஆனால் இது முடியப்போகும் வேதனை, அது அங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

எப்போது முடியும் என்ற கணக்கு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். மனம் திரும்புவதைக் கடைசிவரை தள்ளிப்போட்டவர்கள் தாங்கள் வாழ்ந்த காலம் அளவுக்கு மலையடியில் காத்திருக்க வேண்டும். சபைவிலக்குக்கு ஆளாகிச் செத்தவர்கள், பணியாமல் இருந்த காலத்தைப்போல் முப்பது மடங்கு காத்திருக்க வேண்டும். ரோமானியக் கவிஞர் ஸ்தாத்தியுஸ் சோம்பலின் தளத்தில் 400 ஆண்டுகளுக்கு மேலும், அடுத்த தளத்தில் 500 ஆண்டுகளுக்கு மேலும் கிடந்ததாகச் சொல்கிறார். இவ்வளவு கறாரான எண்களைப் பார்க்கும்போது இது ஏதோ வட்டிக்கடைப் பேரேடு போலத் தோன்றலாம். ஆனால் ஸ்தாத்தியுஸ் சொல்லும் இன்னொரு விவரம் அந்த எண்ணத்தைக் கவிழ்த்துவிடுகிறது. போதும், எழுந்து போ என்று அவரிடம் எந்தத் தூதரும் வந்து சொல்லவில்லை. ஆத்துமா தான் தூய்மையாகிவிட்டதைத் தானே உணர்கிறது. எழுந்து போக வேண்டும் என்ற விருப்பம் தடையின்றி எழுவதே விடுதலை. அந்த நொடியில் மலை முழுவதும் அதிர்கிறது, எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆண்டுகள் வெளிக்கணக்கு, உள்ளே நடப்பது விருப்பத்தின் குணமாற்றம். தாந்தேயின் இறையியலில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான்.

இந்தக் கணக்கைக் குறைக்கக்கூடியது ஜெபம். யாருடைய ஜெபம் என்பதில்தான் தாந்தேயின் மனம் தெரிகிறது. அவருடைய நண்பர் ஃபொரேசே தொனாத்தி 1296இல் இறந்தவர், சாப்பாட்டுப் பிரியர். கவிதை நடப்பதோ 1300இல். முறைப்படி மலையடியில் காத்திருக்க வேண்டியவர் ஐந்து வருடம்கூட ஆகாமல் ஆறாம் தளத்தில் இருப்பதைப் பார்த்துத் தாந்தே வியக்கிறார். என் நெல்லாவின் அழுகைதான் காரணம் என்கிறார் ஃபொரேசே, தன் மனைவியைச் சொல்லி. இளமையில் இந்த இருவரும் ஒருவரையொருவர் கேவலமாக ஏசிக் கவிதை எழுதிக்கொண்டவர்கள். பெரும்பாலான அறிஞர்கள் உண்மை என்று ஏற்கும் அந்தப் பாடல்களில் ஒன்று, கணவனால் கவனிக்கப்படாமல் ஆகஸ்ட் வெயிலிலும் இருமிக்கொண்டு கிடக்கும் நெல்லாவைக் கிண்டல் செய்கிறது. அதே பெண்ணின் கண்ணீரைத்தான் இப்போது மலை ஏற்றும் விசையாக்கியிருக்கிறார். இதைவிட நாகரிகமான மன்னிப்புக் கோரலை நான் இலக்கியத்தில் பார்த்ததில்லை.

சியேனா ஊர்ச் சாப்பியா என்ற பெண்மணியின் காலத்தைக் குறைத்தவர் சீப்பு விற்றுப் பிழைத்த பியெர் பெத்தினாயோ. ‘நீதிபதி’ என்ற பட்டம் கொண்ட ஆட்சியாளர் நீனோ விஸ்கோந்தி தன் சின்ன மகள் ஜொவான்னாவை நம்பியிருக்கிறார். மறுமணம் செய்துகொண்ட மனைவியைப் பற்றிக் கசப்பாகத்தான் பேசுகிறார். புவொன்கொந்தேயின் மனைவி பெயரும் ஜொவான்னாதான். அவளும் மற்றவர்களும் தன்னை நினைப்பதே இல்லை, அதனால்தான் இந்தக் கூட்டத்தில் தலைகுனிந்து நடக்கிறேன் என்கிறார் அவர். ஊரில் எண்ணெய் விளக்கு ஏற்ற ஆள் இல்லாதவர்களின் வெட்கம் அது. 11ஆம் நூற்றாண்டில் குளூனி மடத்தலைவர் ஒதிலோ தொடங்கிவைத்த நவம்பர் 2ஆம் தேதி நினைவுநாள், நம் ஊரில் கல்லறைத் திருநாளாக மெழுகுவர்த்தியும் பூவுமாக நடக்கிறது. அந்த மாலையில் கவனிப்பாரற்ற கல்லறையைக் கடந்து போனவர்களுக்குப் புவொன்கொந்தேயின் தலைகுனிவு புரியும்.

இத்தனைக்கும் அது பணத்தால் மறுமை வாங்கத் தொடங்கிய காலம். 1300இல் எட்டாம் போனிஃபாஸ் முதல் ஜூபிலி ஆண்டை அறிவித்து, ரோமுக்கு வந்து முறைப்படி வழிபடுகிறவர்களுக்குப் பரிபூரண பலன் வழங்கினார். தாந்தே அதை முற்றிலும் ஒதுக்கவில்லை. மூன்று மாதமாக, ஏற வந்த எல்லோரையும் தூதன் தன் படகில் ஏற்றிக்கொள்கிறான் என்று இசைக்கலைஞர் கசெல்லா சொல்வது அந்த ஜூபிலியைத்தான். ஆனால் அதை அறிவித்த போப்புக்கு நரகத்தில், பதவியை விற்றவர்கள் தலைகீழாகப் புதைபடும் துளைகளில் ஒன்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. போனிஃபாஸ் 1303இல்தான் இறந்தார். கவிதையின் கதைக்காலத்தில் இன்னும் அரியணையில் இருக்கிறார்.

அதிகாரத்தின் எல்லை எது என்ற இந்த வாதம் மான்ஃபிரெத் என்ற அரசரிடம் உச்சத்துக்குப் போகிறது. 1266இல் பெனவெந்தோ போரில் செத்தவர், சபைவிலக்கப்பட்டவர். எதிரிப் படைவீரர்களே மரியாதையாக ஆளுக்கொரு கல்லைப் போட்டு அவர் உடலை மூடினார்கள். போப்பின் ஆணைப்படி கொசென்ஸா ஆயர் எலும்புகளைத் தோண்டி எடுத்து, மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டு எல்லைக்கு வெளியே கொண்டுபோய் ஆற்றங்கரையில் எறியவைத்தார். மழை நனைக்கிறது, காற்று உருட்டுகிறது என்கிறார் மான்ஃபிரெத், சிரித்துக்கொண்டே. உயிர் போகும்போது அழுது தன்னை ஒப்படைத்துவிட்டார். திருச்சபைக்கு எலும்பின்மேல்தான் அதிகாரம் இருந்தது. முப்பது மடங்கு தாமதத்தை விதிக்க முடிந்தது, கதவை மூட முடியவில்லை. மகள் கொஸ்தான்ஸாவிடம் போய் உண்மையைச் சொல், அவள் ஜெபித்தால் தாமதம் குறையும் என்று கேட்டுக்கொள்கிறார். எல்லோரும் நரகத்தில் இருப்பதாக நினைக்கும் ஒரு தந்தைக்கு, மகள் மட்டும் நம்பினால் போதும்.

அப்படியானால் ஜெபம் எட்டாத இடம் எது? ஞானஸ்நானம் பெறாதவர்களிடம் வந்ததும் கவிஞர்களின் கை நடுங்கத் தொடங்குகிறது. பேரரசன் திராஜன் நீதிமான், ஒரு விதவைக்கு நியாயம் வழங்கியவன், புறமதத்தான். அவன் கதையைக் கேட்டுப் போப் கிரகரி அழுததாக ஒரு பழைய கதை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விட்பி மடத்தில் எழுதப்பட்ட கிரகரியின் வரலாறு, அந்தக் கண்ணீரே திராஜனுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று என்று துணிந்து சொல்கிறது. அறிஞர்களுக்கு இது செரிக்கவில்லை. கிரகரியின் ஜெபத்தால் திராஜன் உயிர்பெற்று எழுந்து, விசுவாசித்து, மறுபடி செத்து மோட்சம் போனான் என்று கதையைச் சட்டத்துக்குள் அடக்கினார்கள். தாந்தேயும் அந்த வடிவத்தையே ஏற்றார். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் லாங்லண்டின் திராஜனோ புத்தகங்களை எள்ளிக்கொண்டு கவிதைக்குள் புகுந்து, போப்பின் ஜெபத்தால் இல்லை, என் நேர்மையால் தப்பினேன் என்கிறான்.

அதே நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, 352 அடிகளில் எழுதப்பட்ட ‘செயின்ட் எர்க்கன்வால்ட்’ என்ற ஆங்கிலக் கவிதை இந்தக் கண்ணீரை மறுபடி எடுக்கிறது. லண்டனில் புனித பவுல் ஆலயத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது ஒரு கல்லறை கிடைக்கிறது. யாராலும் படிக்க முடியாத எழுத்துகள். உள்ளே அழுகாத உடல், அரச உடை. ஆயர் எர்க்கன்வால்ட் கேட்க, பிணம் பேசுகிறது. கிறிஸ்துவுக்கு முந்திய காலத்து நீதிபதியாம். தீர்ப்பில் வழுவாதவர் என்பதால் மக்கள் முடிசூட்டிப் புதைத்தார்களாம். கிறிஸ்து பாதாளத்தில் இறங்கி முன்னோரை மீட்டபோது தான் மட்டும் விடுபட்டதாகச் சொல்லிப் புலம்புகிறார். நீ ஒரு நொடி உயிரோடு இருந்தால் தண்ணீர் கொண்டுவந்து இன்ன வார்த்தைகளைச் சொல்லி உனக்கு ஞானஸ்நானம் கொடுப்பேனே என்று ஆயர் அழுகிறார். சொல்லிக்காட்டும்போதே வார்த்தைகள் சொல்லியாகிவிட்டன. கண்ணீர் பிணத்தின்மேல் விழுந்துவிட்டது. சடங்கு நிறைவேறிவிட்டது. ஆத்துமா விருந்தில் உட்கார்ந்ததாகச் சொல்லிவிட்டுக் குரல் நிற்க, உடல் கறுத்துப் பொடியாகிறது. சட்டத்தின் ஒரு எழுத்தையும் மீறாமல் சட்டத்தை விஞ்சிய சாமர்த்தியம்! இந்தக் கவிஞரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

தாந்தேக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்தது, ஆனால் ஒரே ஒருவரிடம் அதைக் காட்டவில்லை. தற்கொலை செய்துகொண்ட புறமதத்தான் கேட்டோவை மலையின் காவலனாக்கினார். வழிகாட்டியாகத் தன்னோடு வரும் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தில் சில வரிகளில் வந்து மறையும் ரிஃபெயுஸ் என்ற திராய் வீரனை மோட்சத்தில் வைத்தார். அந்த ரிஃபெயுஸைப் படைத்த வர்ஜிலோ, வேதனையும் நம்பிக்கையும் இல்லாத லிம்போவில், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளோடு இருக்கிறார். மலையேறும்போது தாந்தே அவரிடம் கேட்கிறார்: தெய்வ ஆணையை ஜெபம் மாற்றாது என்று உங்கள் காவியத்தில் எழுதியிருக்கிறீர்களே, இங்கே இவர்கள் ஜெபம் கேட்கிறார்களே? என் காவியத்தில் வரும் அந்த ஜெபம் கடவுளைச் சேராதது என்று வர்ஜில் பொறுமையாகப் பதில் சொல்கிறார். தன்னைப் பற்றிய தீர்ப்பையும் சேர்த்தே சொல்கிறார். உங்களைப் பற்றி என் ஆண்டவரிடம் நல்லதாகச் சொல்வேன் என்று, தாந்தே நேசித்த பெயாத்ரிச்சே தொடக்கத்திலேயே வர்ஜிலுக்கு வாக்களித்திருந்தார். அது என்னவாயிற்று என்று 14,233 அடிகளில் எங்கும் பதில் இல்லை.

இந்தக் கேள்வி மோட்சம்வரை தாந்தேயைத் துரத்தியது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிப் பேசவோ எழுதவோ அங்கே ஆள் இல்லை. சொல்லிலும் செயலிலும் குற்றமற்று வாழ்ந்து, ஞானஸ்நானம் இல்லாமல் சாகிறான். அவனைத் தண்டிப்பது என்ன நீதி? நேரடி விடை கிடைப்பதில்லை. தீர்ப்பு சொல்ல நீ யார் என்ற அதட்டல்தான் கிடைக்கிறது. கூடவே, கிறிஸ்துவே கிறிஸ்துவே என்று கூவும் பலர் அவரை அறியாதவனைவிட அன்று தொலைவில் நிற்பார்கள் என்ற எச்சரிக்கையும். தாந்தேயின் வரைபடத்தில் கங்கை உலகின் கிழக்கு விளிம்பு. சிந்துக்கரை எட்டாத தொலைவுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். அவர் அறியாத ஒன்று: அந்தக் கவிதை எழுதப்படுவதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் முன்பு, மொந்தெகொர்வினோ ஊர் ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி சீனா போகும் வழியில் இந்தியாவில், புனித தோமாவின் ஆலயம் இருந்த மயிலாப்பூர்ப் பகுதியில், 13 மாதம் தங்கினார். கூட வந்த நிக்கோலஸ் என்ற துறவி அங்கேயே இறந்து, தோமாவின் ஆலயத்தில் அடக்கமானார். நிக்கோலஸின் ஊர் பிஸ்தோயா, பிளாரன்சுக்குப் பக்கம்.

லிம்போ குழந்தைகளின் பெற்றோரை நூற்றாண்டுகள் வாட்டியது. ஞானஸ்நானம் இன்றி இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் 2007இல்தான் அறிக்கை வெளியிட்டது. ஆனால் ஞானஸ்நானம் பெற்றுவிட்ட குழந்தையின் சாவு இதற்கு நேர்மாறான சிக்கலைக் கொண்டுவந்தது. ‘பெர்ல்’, அதாவது முத்து, என்ற 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை அதைப் பேசுகிறது. 101 பத்திகள், 1,212 அடிகள், உலகில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. இரண்டு வயதுகூட நிரம்பாமல் போன முத்தை நினைத்து ஒருவர் அது தொலைந்த இடத்தில் விழுந்து தூங்குகிறார். தந்தை என்றே பெரும்பாலோர் படிக்கிறார்கள். கனவில் ஓர் ஆற்றின் அக்கரையில் அவள் நிற்கிறாள், வளர்ந்த பெண்ணாக, மோட்சத்தின் அரசியாக. அவருக்கு மகிழ்ச்சியைவிட ஆட்சேபம்தான் முதலில் எழுகிறது. ஒரு ஜெபம்கூடச் சொல்லத் தெரியாத வயது உனக்கு. வந்த முதல் நாளே அரசியா? அவள் திராட்சைத் தோட்ட உவமையைச் சொல்கிறாள்: கடைசி மணிநேரம் வந்தவனுக்கும் முழுக் கூலி.

அவள் தர்க்கத்தில் பிழையில்லை. அவர் சமாதானம் ஆவதும் இல்லை. ஏன் என்பதற்கு மலையடியில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். உத்தரிக்கிற ஸ்தலம் செத்தவர்களுக்குத் தண்டனை கொடுத்தது, ஆனால் அழுகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. நெல்லா அழுதால் அந்த அழுகை ஓர் இடம் போய்ச் சேர்ந்தது. கொஸ்தான்ஸாவின் ஜெபத்தால் ஒரு நாளாவது குறைந்தது. முத்துக்கு எதுவும் தேவையில்லை. அவளுக்காகப் பூசை வைக்க வேண்டியதில்லை, தர்மம் செய்ய வேண்டியதில்லை; அவள் கணக்கு தொடங்கும் முன்பே தீர்ந்துவிட்டது. அப்பாவின் கண்ணீர்தான் போக இடமில்லாமல் நிற்கிறது. அதனால்தான் அவர், எல்லா விளக்கமும் கேட்ட பிறகும், ஆற்றைத் தாண்டப் பார்க்கிறார், அந்த முயற்சியிலேயே விழித்துக்கொள்கிறார். கடைசிப் பத்தியில் கவிஞர் அவரை மோட்சக் காட்சியோடு விடாமல், குரு தினமும் அப்பமும் ரசமும் உயர்த்திக் காட்டும் பூசைக்கு அனுப்பிவைக்கிறார். அது அவளுக்காக வைக்கும் பூசை இல்லை. அவர் இனி வாழ வேண்டிய நாட்களுக்கானது.